கம்பிக்கு அந்தப் பக்கம் இருக்கும் புலியை எடுக்க லட்ச ரூபாய் லென்ஸ் வேண்டியதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் வாசகர்கள் அனுப்பும் விடுமுறைப் படங்களுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்குகிறீர்கள். நான் அதை விடாமல் பார்க்கிறவன். போன வாரம் அந்தப் பக்கத்தைப் பற்றி ஒரு வாசகர் எழுதிய கடிதத்தில், மிருகக்காட்சி சாலையில் உருப்படியாக ஒரு படம் எடுக்க லட்ச ரூபாய்க்குக் குறையாத லென்ஸ் வேண்டும், செல்போன் வைத்திருப்பவர்கள் மிருகங்களைக் கண்ணால் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவதே நல்லது என்று சொல்லியிருந்தார். அதைப் படித்துவிட்டு எத்தனை பிள்ளைகள் போனைப் பைக்குள் வைத்துவிடுவார்களோ என்று நினைத்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மதுரையில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ நடத்துகிறேன். கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் குடும்பம் குடும்பமாகப் பிரிண்ட் போட வருவார்கள். திருவனந்தபுரம் போய் வந்தவர்கள், வண்டலூர் போய் வந்தவர்கள், மைசூர் போய் வந்தவர்கள் என்று எல்லாருடைய படமும் என் கம்ப்யூட்டர் திரையைக் கடந்துதான் போகும். அதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். படம் கெட்டுப்போவதற்கு லென்ஸ் காரணமாக இருப்பது குறைவு. நின்ற இடம் தப்பாக இருக்கும், இல்லையென்றால் நிற்கவே இல்லை. கம்பி வலை பளிச்சென்று விழுந்திருக்கும், பின்னால் புலி மஞ்சள் மூட்டமாகத் தெரியும். பெரிய பச்சை வெளிக்கு நடுவில் எறும்பளவு ஒரு மான் நிற்கும். பாம்புக்குப் பதிலாகக் கண்ணாடியில் ஃப்ளாஷ் வெளிச்சம் வட்டமாக விழுந்திருக்கும். கரடியின் முதுகு மட்டும் வரும். இதில் எதுவும் பணத்தால் தீர்கிற குறை இல்லை.

முதல் காரணம் அவசரம். வண்டலூர் பூங்கா 602 ஹெக்டேர். 1855-ல் சென்னையில் தொடங்கி, மூர் மார்க்கெட் பக்கம் நெருக்கடியான இடத்தில் இருந்த மிருகக்காட்சி சாலையை 1985-ல் வண்டலூருக்குக் கொண்டு போனதே மிருகங்களுக்கு இடம் வேண்டும் என்பதற்காகத்தான். அந்த இடம் முழுவதையும் ஒரே நாளில், குழந்தையையும் சாப்பாட்டுப் பையையும் தூக்கிக்கொண்டு பார்த்து முடிக்க வேண்டும் என்று கிளம்பினால் ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிடம்கூட நிற்க முடியாது. பார்த்தோம், எடுத்தோம், அடுத்தது என்று ஓட வேண்டியதுதான். பார்க்க வந்தவர்கள் பார்க்கட்டும், தப்பில்லை. ஆனால் படம் எடுக்க வேண்டும் என்று ஆசை இருந்தால் மூன்று மிருகங்களை மட்டும் முடிவு செய்துகொள்ளுங்கள், நான்கு என்றால்கூடச் சரி, மற்றதையெல்லாம் கண்ணால் பார்த்துக்கொண்டே நடந்துவிட்டு அந்த மூன்று இடத்தில் மட்டும் அரை மணி நேரம், முடிந்தால் அதற்கும் மேலே, நில்லுங்கள். இதுதான் என் கடிதத்தின் முக்கால்வாசி.

நின்றால் என்ன கிடைக்கும் என்று கேட்பீர்கள். நீர்யானையை எடுத்துக்கொள்ளுங்கள். திருவனந்தபுரத்தில் அதன் குளத்துக்கு முன்னால் வருகிறவர்கள் தண்ணீரை மட்டும் பார்த்துவிட்டு ‘ஒண்ணும் இல்லையே’ என்று போய்விடுவார்கள். பெரிய நீர்யானை முங்கினால் பொதுவாக மூன்றிலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். ஒரு தடவை எங்கே வந்தது என்று பார்த்து வைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்தில் ஃபோகஸ் வைத்துக் காத்திருந்தால் அடுத்த தடவை மூக்குத் துவாரம் திறந்து தண்ணீர் சிதறுகிற அந்த நொடி உங்கள் கையில். புலியும் சிங்கமும் பகலில் பெரும்பாலும் தூங்கும். ஆனால் தூங்கி எழும்போது கொட்டாவி விடும், முன்னங்காலை நீட்டி முதுகை வளைக்கும், ஒரு கொட்டாவி விட்டால் பின்னாலேயே இன்னொன்று வர வாய்ப்பு அதிகம். முதல் கொட்டாவியில் போனை எடுங்கள், இரண்டாவதில் கிளிக் செய்யுங்கள். முதலை வாயைப் பிளந்து கொண்டு கிடப்பதைப் பார்த்து அதுவும் கொட்டாவி என்று நினைத்து ஓட வேண்டியதில்லை, உடம்புச் சூட்டைத் தணிக்க அது அப்படியே நெடுநேரம் கிடக்கும், நிதானமாக இடம் பார்த்து எடுக்கலாம். சில புலிகள் ஒரே தடத்தில் போய்ப் போய்த் திரும்பும். அடைபட்டு இருப்பதால் வருகிற பழக்கம் அது, பார்க்கவே மனசு கஷ்டப்படும். ஆனாலும் அது எங்கே திரும்புகிறது என்று தெரிந்துவிட்டால், திரும்புகிற நொடியில் முகம் நேராக உங்கள் பக்கம் வரும் என்பதும் தெரிந்துவிடும்.

அடுத்தது கம்பி வலை. ஸ்டூடியோவுக்கு வருகிறவர்கள் அதிகம் புலம்புவது இதைப் பற்றித்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். லென்ஸுக்கு மிக அருகில் இருக்கிற பொருள், நீங்கள் தூரத்தில் ஃபோகஸ் வைத்தால், கரைந்து படம் முழுக்கப் பரவிவிடும், தனியாகத் தெரியாது. அதனால் கம்பியை மறைக்க நாலு விஷயம் சேர்ந்து வர வேண்டும். நீங்கள் கம்பிக்கு எவ்வளவு பக்கம் போக முடியுமோ அவ்வளவு நல்லது. மிருகம் கம்பியை விட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஜூமை முழுவதும் நீட்டி, அப்பர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் வெளிச்சம் நுழைகிற துவாரத்தை, முழுவதும் திறக்க வேண்டும்; அதற்குக் கேமராவில் எஃப் என்று காட்டுகிற எண்ணை அது விடுகிற மிகக் குறைந்த அளவில் வைக்க வேண்டும். கேமராவோடு வருகிற சாதாரண லென்ஸில் அது 5.6 தான் என்றாலும் பரவாயில்லை, ஜூமை 200, 250 மில்லிமீட்டர் வரை நீட்டினால் 5.6 நன்றாகவே வேலை செய்யும். நாலாவதைத்தான் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. கம்பியின் மேல் வெயில் படக் கூடாது. வெயில் பட்ட கம்பி வெள்ளையாக மின்னும், எவ்வளவு கரைந்தாலும் படத்தின் மேல் பால் ஊற்றின மாதிரி ஒரு மங்கல் வந்துவிடும். மரத்து நிழல் விழுகிற பகுதியைத் தேடிப் போய் நில்லுங்கள், நிழல் இல்லையென்றால் கூட வந்தவரைத் துண்டையோ குடையையோ பிடித்து அந்த இடத்தில் நிழல் விழச் செய்யச் சொல்லுங்கள். துண்டு பிடிக்கிறவருக்கு வெட்கமாகத்தான் இருக்கும், படத்தைப் பார்த்தால் சரியாகிவிடும்.

செல்போனில் கணக்கு வேறு. போன் லென்ஸின் துவாரம் ரொம்பச் சின்னது, அதனால் கம்பி அவ்வளவு எளிதில் கரையாது. ஆனால் சின்னதாக இருப்பதில் ஒரு வசதி இருக்கிறது, வலையின் ஒரு கண்ணுக்குள் முழு லென்ஸும் அடங்கிவிடும். பறவைக் கூண்டு, மான் வேலி மாதிரி பக்கத்தில் நிற்க அனுமதிக்கிற இடங்களில் போனைக் கம்பியோடு ஒட்டி, லென்ஸ் ஓட்டைக்கு நேராக வருகிற மாதிரிப் பிடித்தால் கம்பியே இல்லாத படம் கிடைக்கும். போன் தானாகக் கம்பியில் ஃபோகஸ் பிடித்துக்கொண்டு அடம் பிடித்தால் திரையில் மிருகத்தின் மேல் விரலை அழுத்திக் கொஞ்ச நேரம் வைத்திருங்கள், ஃபோகஸ் அங்கேயே பூட்டிக்கொள்ளும். கேமராக்காரர்கள் நடுவில் இருக்கும் ஒற்றைப் புள்ளி ஃபோகஸை மட்டும் வைத்துக்கொண்டு கம்பிக்கு இடையில் குறி பாருங்கள்.

ஆனால் ஒன்று. புலி, சிங்கம், கரடி, குரங்குக் கூண்டுகளுக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி இருக்கும், அதைத் தாண்டிப் போகக் கூடாது, கையை நீட்டக் கூடாது, குழந்தையைத் தூக்கி அதன் மேல் உட்கார வைக்கவே கூடாது. கம்பியை விட்டுத் தள்ளித்தான் நிற்க முடியும் என்றால் அந்த மிருகம் பின்பக்கச் சுவர் வரை போகும்வரை பொறுத்திருங்கள், அப்போது கம்பி ஓரளவு கரையும். அதுவும் ஆகவில்லையென்றால் கம்பியோடு சேர்த்தே எடுங்கள். சிங்கவால் குரங்கு கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிற விரல்களில் ஃபோகஸ் வைத்து எடுத்த ஒரு படத்தை ஒரு கல்லூரி மாணவி பிரிண்ட் போடக் கொண்டுவந்தார், எங்கள் கடையில் வேலை பார்க்கிற பையன்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். வண்டலூரில் பெரிய மிருகங்களுக்குப் பல இடங்களில் கம்பிக்குப் பதில் அகழிதான், அங்கே இந்தத் தொல்லையே கிடையாது, தூரம்தான் தொல்லை.

கண்ணாடிக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள், சாய்க்காமல் நேராக. ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள். சுற்றி இருக்கிற இடைவெளியைக் கருப்புத் துணியாலோ கையாலோ மூடிக்கொள்ளுங்கள். அன்றைக்கு வெள்ளைச் சட்டை போடாதீர்கள், உங்கள் சட்டைதான் பாம்புக்கு மேலே நிழலாடும். ஃப்ளாஷை அணைக்கச் சொல்வது கண்ணாடிக்காக மட்டும் இல்லை. தேவாங்கு, ஆந்தை மாதிரி இருட்டுக்கென்றே பெரிய கண்ணோடு பிறந்த உயிர்களின் முகத்தில் அதை அடிப்பது பாவம்.

போன் ஜூமைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பத்து எக்ஸ், முப்பது எக்ஸ் என்று விளம்பரம் செய்தே மக்களைக் குழப்பிவிட்டார்கள். உங்கள் போனில் உண்மையான ஜூம் லென்ஸ் பெரும்பாலும் இரண்டோ மூன்றோ ஐந்தோ எக்ஸ் வரைதான் இருக்கும், சில போனில் அதுவும் இருக்காது. அதற்கு மேலே விரலால் இழுப்பதெல்லாம் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதுதான். அதை வீட்டில் வந்து நிதானமாகவே வெட்டிக்கொள்ளலாம். இன்னொன்று, வெளிச்சம் குறைந்தால் மூன்று எக்ஸ் என்று அழுத்தினாலும் பல போன்கள் ஜூம் லென்ஸை விட்டுவிட்டு வழக்கமான முக்கிய லென்ஸிலிருந்தே வெட்டிக் கொடுக்கும். சந்தேகம் இருந்தால் மங்கலான இடத்தில் ஜூம் லென்ஸை விரலால் மூடிப் பாருங்கள், திரை இருட்டாகவில்லை என்றால் விஷயம் அதுதான். இதையெல்லாம்விட முக்கியம், எடுப்பதற்கு முன்னால் லென்ஸைத் துடையுங்கள். நம் ஊர் வெயிலில் சட்டைப் பையிலேயே கிடக்கிற போனில் வியர்வையும் எண்ணெய்க் கையும் படிந்து, படமே புகை மூட்டமாக வந்து, ‘போன் பழசாயிடுச்சுண்ணே’ என்று வருகிறவர்கள் எத்தனையோ பேர்.

கேமரா வைத்திருப்பவர்களுக்கு: சும்மா உட்கார்ந்திருக்கிற மிருகத்துக்கு ஷட்டர் வேகம் 1/250, அதாவது ஒரு நொடியில் 250-ல் ஒரு பங்கு, போதும், நடந்தால் 1/500, குரங்கு தாவுகிறது, பறவை சிறகடிக்கிறது என்றால் 1/1000-க்கு மேலே. வெளிச்சம் போதவில்லை என்றால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்ட வேண்டும் என்கிற அளவை, ஏற்றப் பயப்படாதீர்கள். புள்ளி புள்ளியாக வந்த படத்தைப் பிரிண்டில் ஓரளவு சரி செய்துவிடலாம், ஆடிப்போன படத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. திருவனந்தபுரத்தில் பெரிய பெரிய மரங்கள், நிழல் அதிகம், அங்கே ஐஎஸ்ஓ 1600 வரைகூடப் போக வேண்டி வரும்.

கருப்பு மிருகத்துக்கும் வெள்ளை மிருகத்துக்கும் கேமரா ஏமாந்துபோகும். யானை, கரடி, காட்டு மாடு என்று கருப்பாகத் திரை நிறைந்தால் அது இருட்டு என்று நினைத்துக்கொண்டு வெளிச்சத்தைக் கூட்டும், கரடி சாம்பல் நிறமாக வெளுத்துப்போகும். வெள்ளைப் புலி, வெள்ளை மயில் என்றால் நேர்மாறாக, வெளிச்சத்தைக் குறைத்து அழுக்காகக் காட்டும். போனில் மிருகத்தைத் தொட்டால் பக்கத்தில் ஒரு சூரியன் குறி வரும், கரடிக்கு அதைக் கொஞ்சம் கீழே இழுங்கள், வெள்ளைப் புலிக்கு மேலே.

அப்புறம் கண். கண் தெளிவாக இருந்தால் மற்றது கொஞ்சம் மங்கினாலும் படம் நிற்கும், கண் மங்கினால் எதுவும் நிற்காது. அந்தக் கண்ணின் உயரத்துக்கு நீங்கள் இறங்க வேண்டும், பெரியவர்கள் நின்றபடி கீழே பார்த்து எடுப்பதால்தான் முயலும் ஆமையும் நட்சத்திர ஆமையும் தரையோடு தரையாக நசுங்கித் தெரிகின்றன. குழந்தைகள் எடுத்த படம் பல நேரம் அப்பா எடுத்ததைவிட நன்றாக இருப்பதற்குக் காரணமே அவர்கள் உயரம்தான், குழந்தையிடம் போனைக் கொடுங்கள். பின்னணியையும் ஒரு தடவை பாருங்கள். சிமெண்டுச் சுவர், தண்ணீர்த் தொட்டி, எதிர்ப்பக்கம் நிற்கிறவரின் சிவப்புப் பனியன் எல்லாம் இரண்டடி இடம் மாறி நின்றாலே மறைந்துவிடும்.

இப்போது எனக்குக் கோபம் வருகிற விஷயத்துக்கு வருகிறேன். படத்துக்காக மிருகத்தைக் கூப்பிடுகிறார்கள். விசில் அடிக்கிறார்கள், கம்பியைத் தட்டுகிறார்கள், தூங்குகிற சிங்கத்தின் மேல் கடலை எறிகிறார்கள், பெரியவர்களே செய்கிறார்கள், பக்கத்தில் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 38-ஜே என்று ஒரு பிரிவு இதற்கென்றே இருக்கிறது, மிருகக்காட்சி சாலையில் விலங்கைச் சீண்டுவது, தீனி போடுவது, சத்தம் போட்டுத் தொந்தரவு செய்வது, குப்பை போடுவது எல்லாம் குற்றம். சட்டத்தை விடுங்கள். நாள் முழுக்கக் கூச்சலைக் கேட்டுக்கேட்டுப் பழகின மிருகம் உங்கள் விசிலுக்குத் திரும்பாது, திரும்பினாலும் மிரட்சியோடுதான் திரும்பும், அந்த முகத்தை வீட்டில் மாட்டி வைத்துப் பார்க்க யாருக்கு மனசு வரும்? பேசாமல் நின்றுகொண்டிருங்கள், மானின் காது உங்கள் பக்கம் திரும்பும், பின்னாலேயே தலையும் திரும்பும்.

சுற்றுலா அழைத்துப் போகும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். நூறு பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ‘நட, நட’ என்று வாசலிலிருந்து வாசல் வரை ஓட்டிக்கொண்டு போகாமல், ஏதாவது ஒரு கூண்டுக்கு முன்னால் இருபது நிமிடம் உட்கார வையுங்கள். போன் இல்லாத பிள்ளை நோட்டில் வரையட்டும். போகிற நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள், திருவனந்தபுரத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை, வண்டலூருக்குச் செவ்வாய். ராத்திரி ரயில் ஏறினால் காலையில் திருவனந்தபுரம். வண்டலூருக்கு இப்போது நம் ஊர்ப் பேருந்துகள் கிளாம்பாக்கத்திலேயே நின்றுவிடுவதால் அங்கிருந்து பூங்கா பக்கம்தான். எப்படிப் போனாலும் வாசல் திறக்கும்போதே உள்ளே இருக்கப் பாருங்கள். உச்சி வெயிலில் மிருகமும் படுத்துவிடும், வெளிச்சமும் கண்ணைக் குழியாக்கிக் காட்டும்.

மதுரையில் பெரிய மிருகக்காட்சி சாலை இல்லையே, எங்கே பழகுவது என்று கேட்கிறவர்களுக்கு, பழக அது தேவையே இல்லை. வீட்டில் கோழிக்கூண்டு இருக்கிறதா? கம்பியை மறைக்கும் வித்தை முழுவதையும் அதற்கு முன்னால் உட்கார்ந்து ஒரு மாலையில் கற்றுக்கொள்ளலாம். தெருவில் படுத்திருக்கும் கருப்பு நாயும் வெள்ளை ஆட்டுக் குட்டியும் கரடிக்கும் வெள்ளைப் புலிக்கும் பாடம் சொல்லித் தரும். அழகர்கோவிலில் குரங்குகளுக்குப் பஞ்சமில்லை, கையில் தின்பண்டம் இல்லாமல் போய் உட்காருங்கள். வண்டியூர் கண்மாய்க் கரையில் காலையில் நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு அசையாமல் நிற்கும், முதல் படத்துக்கு அதைவிட நல்ல மாடல் கிடையாது. ஆனால் கேமரா வாங்கின மறுநாளே அரிட்டாபட்டி மலைக்குப் போய் வல்லூறு கூட்டைத் தேடி ஏறாதீர்கள், தயவு செய்து. 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அதை அறிவித்ததே அந்த உயிர்கள் அங்கே நிம்மதியாக இருப்பதற்காக. ராத்திரி டார்ச் அடித்துத் தேவாங்கு தேடுவதும் வேண்டாம். கற்றுக்குட்டியின் காலடி காட்டில் விழுவதைவிட மிருகக்காட்சி சாலையில் விழுவது நல்லது. அங்கே இருக்கும் மிருகத்துக்கு மனிதர்கள் பழக்கம், கூட்டில் முட்டையை விட்டுவிட்டுப் பறந்து போக வேண்டிய நிலைமை அதற்கு இல்லை.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். வாசகர் படத்தைப் போடும்போது ‘கம்பீர வேங்கை’, ‘கானகத்து ராஜா’ என்று தலைப்புக் கொடுத்துவிட்டு எங்கே எடுத்தது என்பதை விட்டுவிடுகிறீர்கள். மிருகக்காட்சி சாலையில் எடுத்ததைக் காட்டில் எடுத்ததாக நினைத்துக்கொள்கிறவர்கள் நிறைய. சர்வதேசப் புகைப்படக் கூட்டமைப்பு அங்கீகரிக்கும் போட்டிகளில் காட்டுயிர்ப் பிரிவுக்கு மிருகக்காட்சி சாலைப் படத்தை ஏற்றுக்கொள்வதே இல்லை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் சேர்ந்து நடத்தும் போட்டியில் 2009-ல் முதல் பரிசு வாங்கியது வேலியைத் தாண்டிக் குதிக்கும் ஓர் ஓநாய்ப் படம். அது ஆட்களிடம் பழகின ஓநாயாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நடுவர்கள் முடிவு செய்து, எடுத்தவர் மறுத்தும்கூட, 2010 ஜனவரியில் பரிசைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஓர் இணைப்பிதழ்ப் பக்கத்துக்கு அவ்வளவு கறார் வேண்டியதில்லை. படத்துக்குக் கீழே ஒரு வரி போதும்: எந்தப் பூங்கா, என்ன உயிரினம், எதில் எடுத்தது. வண்டலூர், நீர்யானை, செல்போன் என்று நாலு படத்துக்கு அடியில் அச்சாகி வந்தால், லட்ச ரூபாய் லென்ஸ் கேட்ட அந்த வாசகருக்கு நான் தனியாகப் பதில் எழுத வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒரு வாசகர்,
மதுரை.